பாலத்தில் வரும் படபடப்பு: சி.பி.டி. போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

பிறைக்காரன்

வணக்கம். வீடு பெருநிலப் பக்கம் பிறையில், வேலை பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸில், ஃபேக்டரி ஷிப்ட். கொஞ்ச காலமாக மோட்டாரில் பினாங்குப் பாலம் ஏறினாலே நெஞ்சு அடித்துக்கொள்கிறது, விரல் நுனி மரத்துப்போகிறது, மயங்கி விழுந்துவிடுவேனோ என்று பயம். முதல் தடவை மாரடைப்பு என்றே நினைத்து எமர்ஜென்சிக்குப் போனேன். இசிஜி, ரத்தம் எல்லாம் பார்த்துவிட்டு இதயம் நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். அப்புறமும் வந்தது. இப்போது பாலத்தையே விட்டுவிட்டேன். பட்டர்வொர்த் போய் ஃபெரியில் மோட்டாரை ஏற்றி, ஜார்ஜ்டவுனில் இறங்கி, அங்கிருந்து பாயான் லெப்பாஸ் வரை ஓட்டுகிறேன். காலை ஷிப்டுக்கு எத்தனை மணிக்கு எழ வேண்டியிருக்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும்.

கிளினிக் டாக்டர் இது பேனிக், அதாவது திடீர்ப் பீதி என்று சொல்லி, சி.பி.டி. (காக்னிடிவ் பிஹேவியர் தெரபி) என்ற பேச்சு வழிச் சிகிச்சை செய்யும் சைக்காலஜிஸ்டிடம் போகக் கடிதம் கொடுத்திருக்கிறார். அம்மா தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய், யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்கிறார். மனைவி கடிதத்தை எடுத்துக்கொண்டு போ என்கிறாள். எனக்குப் புரியாதது ஒன்றுதான். உட்கார்ந்து பேசினால் நெஞ்சு படபடப்பு எப்படி நிற்கும்?

ஜெலுத்தோங் ராஜா

தைராய்டு பார்த்தார்களா? என் அண்ணிக்கு இதே மாதிரி இருந்து கடைசியில் தைராய்டு. அப்புறம் அந்த டின் காப்பி, எனர்ஜி டிரிங்க் எல்லாவற்றையும் நிறுத்துங்கள் லா.

பிறைக்காரன்

தைராய்டு சரி. டின் காப்பி… நைட் ஷிப்டில் எப்படி நிறுத்துவது?

செந்தூல் பொண்ணு

நான் போயிருக்கிறேன், ஆனால் படபடப்புக்கு இல்லை, மனச்சோர்வுக்கு. கணக்கு ஆபீஸ் வேலை. ஒரு கட்டத்தில் எம்.சி. (மருத்துவ விடுப்பு) எடுத்துக்கொண்டு கட்டிலிலேயே கிடந்தேன். தலை வாரக்கூட முடியவில்லை. அரசாங்கக் கிளினிக்கில் ஒரு தாள் கொடுத்தார்கள், ஒன்பது கேள்வி. கடந்த இரண்டு வாரத்தில் தூக்கம் எப்படி, பசி எப்படி, எதிலாவது ஆர்வம் இருந்ததா என்று. மொத்தம் 27 மதிப்பெண், கூடக் கூடச் சோர்வு அதிகம் என்று அர்த்தம், எனக்கு வந்தது மேல் பக்கம். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மருந்தும் கொடுத்தார்கள், சி.பி.டி.யும் தொடங்கியது.

முதலில் என் சிறு வயதுக் கதையெல்லாம் கேட்பார்கள் என்று நினைத்துத் தயாராகப் போனேன். கொஞ்சம் கேட்டார்கள், அவ்வளவுதான். உடனே வீட்டுப்பாடம். ஒவ்வொரு மணி நேரமும் என்ன செய்தேன் என்று எழுத வேண்டும். பக்கத்தில் இரண்டு எண்: அதில் எவ்வளவு சந்தோஷம், எவ்வளவு ‘செய்து முடித்தேன்’ என்ற உணர்வு, இரண்டுக்கும் பத்துக்கு எத்தனை. எனக்குக் கோபம்தான் வந்தது. கட்டிலில் கிடப்பவளிடம் பத்துக்கு எத்தனை என்று கேட்டால்? ஆனால் அந்தத் தாளில் ஒன்று தெரிந்தது. நாள் முழுக்க ஒரே இருட்டு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதியதில் எண்கள் ஏறி இறங்கியிருந்தன. குளித்த நாளில் ஒன்று, அத்தை மகளோடு தித்திவங்சா ஏரியைச் சுற்றிய நாளில் நாலு. நாலு பெரிதில்லைதான். ஆனால் பூஜ்யம் இல்லை. அங்கிருந்துதான் பிடித்துக்கொண்டு வந்தேன்.

எண்ணம் பற்றிய பகுதி பிறகுதான் வந்தது.

பழைய தோட்டத்தான்

தம்பிகளே தங்கச்சிகளே, கோபப்படாதீர்கள். நாங்கள் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தோம். விடியுமுன் பால் வெட்டப் போனவர்களுக்கு பேனிக்கும் கிடையாது, சி.பி.டி.யும் கிடையாது. இப்போது எல்லாவற்றுக்கும் ஒரு சிகிச்சை. ‘நல்லதையே நினை’ என்று என் தாத்தா காசு வாங்காமல் சொன்னதை இவர்கள் மணிக்கு இவ்வளவு வெள்ளி (ரிங்கிட்) என்று சொல்கிறார்கள். வேறு என்ன?

ஜெலுத்தோங் ராஜா

பேனிக் இல்லை, சரி. கள்ளுக்கடை இருந்ததா இல்லையா அண்ணே?

செராஸ் மல்லிகா

பேய் பிடித்தது என்று வேப்பிலை அடித்தார்களே, அந்தப் பெண்களை எல்லாம் என்ன கணக்கில் சேர்ப்பது? எங்கள் தோட்டத்தில் ஒரு சித்தி கிணற்றடியில் உட்கார்ந்து மாதக்கணக்கில் பேசாமல் இருந்தார். ‘தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள்’ என்று பயமுறுத்தியே எழுப்பினார்கள். எழுந்தார், வேலைக்குப் போனார். குணமானாரா என்று யாரும் கேட்கவில்லை.

கேட்பவள்

நான் கோலாலம்பூரில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். இங்கே யாருக்கும் நோய் கண்டுபிடித்துச் சொல்ல மாட்டேன், பொதுவாக மட்டும் எழுதுகிறேன்.

பழைய தோட்டத்தான் அண்ணன் கேட்டதில் இருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் பாதிப் பேர் அப்படி நினைத்துத்தான் வருகிறார்கள். ‘நல்லதையே நினை’ என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் வேலை செய்யாது. பாலத்தில் நெஞ்சு அடிக்கும்போது ‘எனக்கு ஒன்றும் ஆகாது’ என்று பத்துத் தடவை சொல்லிப் பாருங்கள், பதினோராவது தடவை மனசு ‘ஆகிவிட்டால்?’ என்று கேட்கும். சி.பி.டி.யில் செய்வது வேறு. உங்கள் மனசு ஒரு கணிப்புச் சொல்கிறது. அந்தக் கணிப்பை எழுதி வைத்து, நிஜத்தில் சோதித்துப் பார்க்கிறோம். பொய்யானால் பொய், உண்மையானால் உண்மை.

இதைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் ஏரன் பெக், அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியாவில் இருந்த மனநல மருத்துவர். ஆழ்மனத்தைத் தோண்டும் ஃபிராய்டு வழியில் பயிற்சி பெற்றவர். 1960-களில் மனச்சோர்வு நோயாளிகளைக் கவனித்தபோது, அவர்கள் பேசும் பேச்சுக்கு அடியில் இன்னொரு ஓட்டம் ஓடுவதைக் கண்டார். ‘நான் போரடிக்கிறேன்’, ‘இவருக்கு என்னைப் பிடிக்கவில்லை’ என்று கண் இமைக்கும் நேரத்தில் வந்து போகும் எண்ணங்கள். யாரும் கேட்காததால் அவர்களும் சொல்லவில்லை. இவர் கேட்டார். 2021-ல் நூறு வயதில்தான் காலமானார்.

பிறைக்காரன் தம்பிக்கு வருகிறேன். பேனிக்கில் நடப்பதை டேவிட் கிளார்க் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1986-ல் ஒரு சுற்றாக விளக்கினார். உடலில் ஏதோ ஒன்று முதலில் வருகிறது. தூக்கம் போதாமலோ, காப்பியினாலோ, வெயிலினாலோ நெஞ்சு கொஞ்சம் வேகமாக அடிக்கிறது. அதை மனசு ‘மாரடைப்பு’ என்று படிக்கிறது. மாரடைப்பு என்றதும் பயம் வருகிறது, பயம் வந்ததும் நெஞ்சு இன்னும் வேகமாக அடிக்கிறது, மூச்சு வேகமாகிறது. வேகமாக மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும். விரல் மரத்துப்போவதும் தலை சுற்றுவதும் அதனால்தான். அதைப் பார்த்து மனசு ‘பார், சொன்னேனா இல்லையா’ என்கிறது. சுற்று முடிந்தது, இல்லை, மறுபடி தொடங்கியது.

பேசினால் எப்படி நிற்கும் என்று கேட்டீர்கள். பேச்சு மட்டும் நிறுத்தாது. ஃபெரி இருக்கிறதே, அதுதான் உங்கள் பேனிக்கை உயிரோடு வைத்திருக்கிறது. ஒவ்வொரு நாளும் ஃபெரியில் பத்திரமாகப் போய்ச் சேரும்போது உங்கள் மனசு கற்றுக்கொள்வது ‘பாலத்தில் போயிருந்தால் விழுந்திருப்பேன், தப்பித்தேன்’ என்பதைத்தான். அது பொய் என்று கண்டுபிடிக்க அதற்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.

பிறைக்காரன்

டாக்டர், அப்படியானால் நாளைக்கே பாலத்தில் ஏறிவிடவா?

கேட்பவள்

வேண்டாம்! முதலில், நான் டாக்டர் இல்லை, மருந்து எழுதும் உரிமை எனக்குக் கிடையாது. மருந்து வேண்டுமென்றால் சைக்கியாட்ரிஸ்ட் அல்லது கிளினிக் டாக்டர்.

இரண்டாவது, தனியாக, மோட்டாரில், லாரி போகிற நேரத்தில் சோதனை செய்யக் கூடாது. பாலம் 13.5 கிலோமீட்டர், நடுவில் நினைத்தபடி நிறுத்தி மூச்சு வாங்க முடியாது. நீங்கள் பார்க்கப் போகிறவர் படிப்படியாக ஏற்பாடு செய்வார். பெரும்பாலும் அறைக்குள்ளேதான் தொடங்கும். ஒரு நிமிடம் வேகமாக மூச்சு வாங்கச் சொல்வார்கள், சுழல் நாற்காலியில் சுற்றச் சொல்வார்கள், குறுகிய ஸ்ட்ரா வழியாக மூச்சு விடச் சொல்வார்கள். சிரிக்காதீர்கள். பாலத்தில் வரும் அதே மரப்பு, அதே தலைசுற்றல் அந்த அறையில் வரும், ஆனால் நீங்கள் நாற்காலியில் பத்திரமாக உட்கார்ந்திருப்பீர்கள். ‘இந்த உணர்வு வந்தால் மயங்கி விழுவேன், 80 சதவீதம் நிச்சயம்’ என்று முன்னாலேயே எழுதியிருப்பீர்கள். பின்னால் என்ன நடந்தது என்று பார்ப்பீர்கள். பேனிக்கில் ரத்த அழுத்தம் சாதாரணமாக ஏறும், மயக்கம் வருவது அழுத்தம் இறங்கும்போது. அதனால் பேனிக்கில் மயங்கி விழுவது அபூர்வம். இதை நான் சொல்லிக் கேட்பதை விட உங்கள் உடம்பே காட்டினால்தான் ஒட்டும்.

இதயம் சரி என்று டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகுதான் இதெல்லாம். புதிதாக நெஞ்சு வலி வந்தால், குறிப்பாக ஓடும்போதோ படி ஏறும்போதோ வந்தால், ‘எனக்கு பேனிக்தானே’ என்று வீட்டில் இருக்காதீர்கள்.

பழைய தோட்டத்தான்

சரி, இது என் தாத்தா சொன்னது இல்லைதான். ஆனாலும் ஒரு கேள்வி. இதற்கு எத்தனை வருஷம் போக வேண்டும்?

கேட்பவள்

வருஷக்கணக்கு இல்லை அண்ணே. வாரத்துக்கு ஒன்று என்று பொதுவாக 12 முதல் 20 அமர்வுக்குள் முடிப்போம். பேனிக் மட்டும் என்றால் அதை விடக் குறைவாகவும் போதலாம். சி.பி.டி. தொடக்கத்திலிருந்தே முடிவைப் பார்த்து நடக்கும் சிகிச்சை. என்னிடம் வருகிறவர் என்னை விட்டுப் போக வேண்டும், அதுதான் திட்டம்.

செராஸ் மல்லிகா

எல்லோரும் நல்லதாகவே சொல்கிறீர்கள், நான் கெட்டதையும் சொல்கிறேன்.

கணவர் வட்டி முதலையிடம், அதாவது சட்டவிரோதமாக வட்டிக்கு விடுகிறவர்களிடம், கடன் வாங்கிவிட்டுக் காணாமல் போனார். மிரட்டுவதற்காக அவர்கள் வாசல் கேட்டில் சிவப்புப் பெயிண்ட் ஊற்றினார்கள். பிள்ளைகள் பள்ளிக்குப் போகப் பயந்தார்கள். எனக்குத் தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை. ஒருவரிடம் ஆலோசனைக்குப் போனேன், இடம் பெயர் வேண்டாம். இரண்டாவது முறையே ஒரு தாளை நீட்டினார். பத்து வகைச் ‘சிந்தனைத் தவறுகள்’ அச்சடித்திருந்தது. ‘உங்கள் எண்ணம் இதில் எது என்று டிக் செய்யுங்கள்’ என்றார். ‘அவர்கள் திரும்ப வருவார்கள்’ என்ற என் எண்ணம் ‘பேரழிவாகக் கற்பனை செய்தல்’ என்ற வகையாம். கற்பனையா? அதற்கடுத்த வாரமே வந்தார்கள்.

நான் அதோடு நிறுத்திவிட்டேன். முதலில் என் கேட்டைக் கழுவ ஒருவர் வரட்டும், அப்புறம் எண்ணத்தைக் கழுவலாம்.

செந்தூல் பொண்ணு

அக்கா, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. எனக்கும் அந்தத் தாள் கொடுத்தார்கள். ஆனால் என் விஷயத்தில் அது பொருந்தியது. மேலாளர் ‘அப்புறம் பேசலாம்’ என்று சொன்னதும் வேலை போய்விட்டது என்று நான் முடிவே கட்டிவிடுவேன். உங்களுக்கு நடந்தது வேறு.

கேட்பவள்

மல்லிகா அக்கா, உங்களிடம் நடந்தது மோசமான சி.பி.டி. அதை நான் பூசி மெழுக மாட்டேன். அந்தத் தாளும் எங்கள் தொழிலில் அளவுக்கு மீறிப் பயன்படும் ஒன்று. வகைப்படுத்துவது சுலபம், அதனால் அவசரத்தில் எல்லோரும் அதைக் கையில் எடுக்கிறார்கள்.

எண்ணத்தைச் சோதிப்பது என்றால் அது உண்மையாகவும் இருக்கலாம் என்று ஒத்துக்கொண்டுதான் சோதிக்க வேண்டும். ‘அவர்கள் திரும்ப வருவார்கள்’ என்பதற்கு ஆதாரம் என்ன என்று உங்களிடம் கேட்டிருந்தால் நீங்கள் கேட்டைக் காட்டியிருப்பீர்கள். அங்கேயே எண்ணம் பற்றிய வேலை முடிந்தது. அதற்குப் பிறகு பிரச்சினையைத் தீர்க்கும் வேலை: போலீஸ் புகார், பிள்ளைகளைக் கொஞ்ச நாள் யார் வீட்டில் வைப்பது, பள்ளியில் யாரிடம் சொல்வது. வங்கிக் கடனாக இருந்தால் ஏ.கே.பி.கே. என்ற கடன் ஆலோசனை நிறுவனத்தில் இலவசமாக வழி சொல்வார்கள். வட்டி முதலைக்கு அது உதவாது, போலீஸ்தான். இதையெல்லாம் சேர்ந்து உட்கார்ந்து திட்டம் போடுவதும் சி.பி.டி.க்குள் இருக்கிற பகுதிதான், ‘பிரச்சினை தீர்த்தல்’ என்றே அதற்குத் தனிப் பயிற்சி உண்டு.

இதில் ஒன்று மட்டும் சேர்க்கிறேன். இப்படி வருகிறவர்களிடம், பெயிண்ட் பற்றிய எண்ணத்துக்குக் கீழே இன்னொன்று இருப்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். ‘நான் சரியான மனைவியாக இருந்திருந்தால் அவர் இப்படிச் செய்திருக்க மாட்டார்’ என்பது மாதிரி. அதைக் கட்டாயம் சோதித்துப் பார்க்கலாம். ஆனால் வீட்டில் பயமில்லாமல் தூங்க வழி செய்த பிறகு.

செராஸ் மல்லிகா

அந்தக் கடைசி விஷயம்… ம். இருக்கிறது. ஆனால் உங்களோடு எல்லாவற்றிலும் ஒத்துப்போக மாட்டேன். காசும் பாதுகாப்பும் இருக்கிறவர்களுக்காகச் செய்த சிகிச்சை மாதிரிதான் எனக்கு இன்னும் படுகிறது.

கேட்பவள்

அந்த விமர்சனம் எங்கள் துறைக்குள்ளேயும் இருக்கிறது அக்கா. நியாயம்தான்.

மகள் 88

எனக்கு வேறு பிரச்சினை. அப்பா போன பிறகு அம்மாவுக்கு மனச்சோர்வு. அரசாங்க ஆஸ்பத்திரியில் பார்த்த மலாய்க்காரப் பெண் ரொம்பப் பொறுமை, ஆனால் அம்மாவுக்கு மலாய் கடைக்குப் போகிற அளவுக்குத்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்தேன். அம்மா எல்லாவற்றுக்கும் ‘நல்லா இருக்கேன்’ என்றே சொன்னார். என் முன்னால் அவர் எப்படி ‘சாகலாம் போல இருக்கு’ என்று சொல்வார்? நானும் அதை எப்படி மலாயில் சொல்வேன்?

கடைசியில் அந்தப் பெண்ணே தமிழ் பேசும் ஊழியர் ஒருவருக்கு மாற்றிவிட்டார். எழுதச் சொன்னபோது அம்மா ‘எனக்கு எழுத வராது’ என்றார். பரவாயில்லை என்று கைப்பேசியில் குரலாகப் பதிவு செய்யச் சொன்னார்கள். ராத்திரி சமையலறையில் அம்மா தனக்குத்தானே பேசிப் பதிவு செய்தார். நான் கேட்டதில்லை, கேட்கவும் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

நெறியாளர்

மகள் 88 எழுதியதை ஒட்டி ஒரு குறிப்பு. யாருக்காவது உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் இழையில் பதில் வரும் வரை காத்திருக்க வேண்டாம். சுகாதார அமைச்சின் ஹீல் லைன் 15555. பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929, 24 மணி நேரமும் எடுப்பார்கள். ஆபத்து உடனடி என்றால் 999. சொன்னால் போலீஸ் பிடிக்கும் என்று பழைய பயம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய குற்றவியல் சட்டப் பிரிவு 309-ஐ நாடாளுமன்றம் 2023-ல் நீக்கிவிட்டது.

பாயான் பாரு ஆள்

காசு விஷயத்தையும் யாராவது பேசுங்கள். தனியாரில் ஒரு அமர்வுக்கு இருநூறு முந்நூறு வெள்ளி கேட்பது சாதாரணம். ஃபேக்டரி சம்பளத்தில் வாராவாரம் எப்படி?

செந்தூல் பொண்ணு

அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி, அங்கிருந்து கடிதத்தோடு ஸ்பெஷலிஸ்டிடம் போனால் ஐந்து வெள்ளி, அப்படித்தான் நான் கட்டினேன். ஆனால் காத்திருக்க வேண்டும், அமர்வுக்கு நடுவே இடைவெளியும் அதிகம். மென்தாரி என்ற சமூக மனநல மையங்களையும் கேட்டுப் பாருங்கள், சுகாதார அமைச்சுடையது. சில பல்கலைக்கழகங்களில் முதுகலை மாணவர்கள் மேற்பார்வையோடு குறைந்த கட்டணத்தில் பார்க்கிறார்கள். அவர்களுக்குப் புதுசு என்பதால் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்வார்கள்.

கேட்பவள்

யாரிடம் போனாலும் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். கவுன்சிலர்களுக்கு 1998 சட்டப்படி கவுன்சிலர் வாரியத்தில் பதிவு உண்டு. கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுகள் 2016-ல் வந்த துணை மருத்துவத் தொழில் சட்டத்துக்குள் வருகிறார்கள். வாரக் கடைசியில் ஹோட்டலில் நடந்த வகுப்புக்குப் போய் ‘மைண்ட் கோச்’ என்று பலகை மாட்டியவர்கள் இதில் எதிலும் வர மாட்டார்கள்.

முழு சி.பி.டி. கிடைக்காவிட்டால் செந்தூல் பொண்ணு முதலில் செய்தாரே, செய்வதை எழுதிவைத்து, மனசுக்கு உதவும் வேலைகளைக் கூட்டிக்கொண்டு போகும் அந்த நடவடிக்கைப் பகுதி, அதை மட்டுமாவது கேளுங்கள். 1996-ல் நீல் ஜேக்கப்சன் குழு வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வுக்கு அந்தப் பகுதியை மட்டும் கொடுத்தவர்களும் முழுச் சிகிச்சை பெற்றவர்களும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தேறினார்கள். எங்கள் ஆட்களுக்கே அது கொஞ்சம் அதிர்ச்சி. எண்ணத்தை மாற்றினால்தான் மனசு மாறும் என்று இருந்தவர்களுக்கு, காலை அசைத்தாலே எண்ணமும் அசைகிறது என்று ஆகிவிட்டது.

பழைய தோட்டத்தான்

‘வேலை செய்தால் எல்லாம் சரியாகும்’ என்று நாங்கள் சொன்னது கடைசியில் சரிதானே!

ஜெலுத்தோங் ராஜா

அண்ணே, விடவே மாட்டீர்களா!

பிறைக்காரன்

எல்லோருக்கும் நன்றி. முதல் அமர்வு போய் வந்தேன். தமிழ்ப் பெண்தான், நிம்மதி. அம்மா சொன்னதையும் கேட்டேன், தண்ணீர்மலை போகலாமா என்று. ‘தாராளமாகப் போங்கள், படி ஏறும்போது நெஞ்சு அடிக்குமே, அதைக் கவனித்து எழுதிக்கொண்டு வாருங்கள்’ என்றார். அம்மாவுக்கு அவரைப் பிடித்துவிட்டது. மேலே ஏறினேன், நெஞ்சு பாலத்தில் அடித்த மாதிரியே அடித்தது, பயம் மட்டும் வரவில்லை. அதை எழுதியிருக்கிறேன்.

இந்த வாரம் வீட்டுப்பாடம்: ஞாயிற்றுக்கிழமை காலை மனைவி கார் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து பாலத்தைக் கடக்க வேண்டும். நாடி பிடித்துப் பார்க்கக் கூடாது, தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்திருக்கக் கூடாது. தண்ணீர் பாட்டிலில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். அது இருந்ததால்தான் தப்பித்தேன் என்று மனசு சொல்லிக்கொள்ளுமாம்.

அதற்கடுத்த வாரம் அந்தச் சுழல் நாற்காலி. பசியாறிவிட்டுப் போவதா, வெறும் வயிற்றோடா?

கேட்பவள்

லேசாகப் பசியாறிவிட்டுப் போங்கள் தம்பி. நாசி லெமாக் வேண்டாம்.